10-ஆம் எண் சட்டைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

வீரரின் முதுகில் அச்சிடப்படும் 10 என்ற எண் எல்லா விளையாட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கால்பந்தில் எண்கள் முதலில் ஆளைக் குறிக்கவில்லை. களத்தில் நிற்கும் இடத்தையே குறித்தன. கோல் காவலருக்கு 1, முன்வரிசையில் ஐவர் ஆடிய பழைய அமைப்பில் நடுவில் நின்றவருக்கு 9, அவருக்கு இடப்பக்கம் நின்றவருக்கு 10. 1958 உலகக் கோப்பையில் 17 வயதுப் பெலே அந்த எண்ணோடு களமிறங்கி, சுவீடனுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். பிறகு மரடோனா, மெஸ்ஸி என்று கைமாறி, அது ஆட்டத்தை உருவாக்குபவரின் எண்ணாகவே நிலைத்துவிட்டது.

பதினைவர் ரக்பியில் 10 இன்றும் பேருந்தின் தட எண்ணைப் போன்றது: தொடக்க அணியில் அதை அணிந்தவர் ஃபிளை-ஹாஃப் (பின்வரிசையில் நின்று அணியின் ஆட்டத்தை வழிநடத்துபவர்) என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் அது விரும்பி வாங்கும் வண்டிப் பதிவெண் போன்றது. ஒருநாள் ஆட்டங்களில் 10-ஐ அணிந்த டெண்டுல்கர் பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்கினார். (மட்டை வரிசையில் பத்தாவதாக வருபவரோ பெரும்பாலும் பந்துவீச்சாளர்!)

சிறந்த வீரருக்குத்தான் 10 தரவேண்டும் என்று விதி இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள்; அப்படி எதுவும் இல்லை, பெலே ஆடிய அதே 1958 பிரேசில் அணியில், வழக்கப்படி 1 அணிய வேண்டிய கோல் காவலர் கில்மாரே 3-ஆம் எண்ணோடுதான் ஆடினார்.