செவிலியர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடிகிறதா?

வாசகர் கேள்விகள்: மருத்துவமனை நிர்வாகம்

கேள்வி: கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய இடங்களில் கிளைகள் உள்ள ஒரு பெரிய அறக்கட்டளை மருத்துவமனையில் பணிபுரிகிறேன். ‘கூட்டுத் தலைமையே இனி நம் பண்பாடு’ என்று நிர்வாகம் அறிவித்தது. பயிற்சி வகுப்புகளும் நடந்தன. ஆனாலும் காலைக் கூட்டத்தில் மூத்த மருத்துவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். கிளைகளிலிருந்து காணொலியில் சேரும் செவிலியர்கள் வாய் திறப்பதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– செவிலியர் கண்காணிப்பாளர், உதகமண்டலம்

பதில்: பயிற்சி வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பதை உங்கள் செவிலியர்கள் மறந்திருக்கக்கூடும். ஆனால் தங்களில் ஒருவர் முதன்முறையாக மருத்துவரை மறுத்துப் பேசியபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவர் முகம் சுளித்திருந்தாலோ, அடுத்த டூட்டிப் பட்டியலில் அந்தச் செவிலியருக்கு இரவுப் பணி கூடியிருந்தாலோ, அந்தச் செய்தி அன்று மாலைக்குள் பந்தலூர் வரை போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே, யார், எந்தச் சூழலில், எவரைத் தடுத்து நிறுத்தலாம் என்பதை எழுத்தில் கொடுப்பதும், அப்படி நிறுத்தியவர் பக்கம் நிர்வாகம் வெளிப்படையாக நிற்பதுமே முதல் வேலை என்று கருதுகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். பீட்டர் புரொனொவோஸ்ட் என்ற மருத்துவரின் வழிகாட்டுதலில், அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள், பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகும்போது கைகழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல் முதலிய ஐந்து எளிய படிகளைக் கட்டாயமாக்கின. அந்தப் படிகள் எந்த மருத்துவருக்கும் புதியவை அல்ல. ஒரு படி தவறினாலும் செவிலியர் அந்தச் செயல்முறையை நிறுத்தலாம் என்ற அதிகாரமும், நிறுத்தினால் மேலிடம் அவரை ஆதரிக்கும் என்ற உறுதியும்தான் புதியவை. 2006-இல் வெளியான ஆய்வின்படி, ஒன்றரை ஆண்டுக்குள் குழாய்வழி இரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது.

படிவத்தை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்ற படி உண்டு. தன் பெயரைச் சொல்லி ஒருமுறை குரல் எழுப்பியவர், பிறகு தவறைக் கண்டால் சொல்வதற்கு அவ்வளவாகத் தயங்குவதில்லை. டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதே பட்டியல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டாயமாக்கப்பட்ட பிறகு 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. உத்தரவுக்காக டிக் அடிக்கும் வேலையாகப் பட்டியல் சுருங்கிவிட்ட இடங்களில் பயன் எதிர்பார்க்க முடியாது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் காலைக் கூட்டத்தில் பேசும் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கிளைகள், பிறகு வார்டுகள், கடைசியில் தலைமை மருத்துவர். ‘ஏதாவது சொல்ல இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால் எவரும் பேச மாட்டார்கள். ‘நேற்று எங்களிடம் கேட்டு உங்களுக்குக் கிடைக்காதது எது?’ என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலுக்கு எதிரே பொறுப்பாளர் பெயரையும் முடிக்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். சில வாரங்களில், பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை கூடியதுபோல் தெரியலாம். நிர்வாகம் அதைக் கண்டு கலங்கக் கூடாது. மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகின்றன என்பதை 1990-களிலேயே கண்டார். அங்கே பிழையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1990-இல் தொடங்கப்பட்ட கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிச் சமூகத்துப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து வளர்ந்தது. ஒரு கர்ப்பிணி ஏன் பரிசோதனைக்கு வரவில்லை என்பது, அந்த ஊரிலிருந்தே வந்த பணியாளருக்குத் தெரிவதுபோல் மருத்துவருக்குத் தெரியாது. அந்த அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரைச் சேர்க்காமல் எடுக்கும் முடிவு மலையில் நிற்காது.

கேள்வி: எல்லோரும் தலைவர்கள் என்றால், அவசர நேரத்தில் யார் சொல்வதைக் கேட்பது? முடிவு தாமதமானால் நோயாளிக்கு அல்லவா ஆபத்து?
– மருத்துவர், குன்னூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. இதயம் நின்றுபோன நோயாளியின் அருகில் ஒருவர்தான் ஆணையிட வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அளவு தவறு என்று பட்டால் அந்தக் கணமே சொல்லவும் வேண்டும். கூட்டுத் தலைமை இதற்கு முரணானது அன்று. அவசரநிலையை அறிவிப்பது யார் என்பதில்தான் நம் மருத்துவமனைகள் தடுமாறுகின்றன. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு அரை லிட்டரைத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது. கிளையில் இருக்கும் செவிலியர், உதகையில் உள்ள மருத்துவர் தொலைபேசியை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார். கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிமூட்டத்திலும் மழையிலும் அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலுதவியைத் தொடங்கவும், 108 ஆம்புலன்ஸை அழைக்கவும், இரத்தத்தைத் தயாராக வைக்கச் சொல்லவும் அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று ஓர் உத்தரவை எழுதி வையுங்கள். பத்து முறை அழைத்ததில் சில தேவையில்லாதவையாக இருந்தாலும், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: துப்புரவுப் பணியாளர்களையும் ஆலோசனைக் குழுவில் சேர்க்க வேண்டுமா?
– மருத்துவமனை மேலாளர், கொடைக்கானல்

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும்; முதலில் தொற்றுத் தடுப்புக் குழுவில் சேருங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, எந்த வார்டில் ஊசிகள் தவறான வாளியில் விழுகின்றன என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒப்பந்தப் பணியாளர்களாக இருந்தால், குறை சொன்னதற்காக ஒப்பந்ததாரர் அவர்களை நீக்க முடியாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூட்டத்தில் இருக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.