பஞ்சுக் கிட்டங்கியில் குடித்தனம்

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து ஜின்னிங் பாக்டரி பூட்டிக் கிடக்கிறது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பின்னால் பெரிய பஞ்சுக் கிட்டங்கி. நானும் என்னோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களுமாக எட்டுக் குடும்பம்; பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அதை வீடுகளாக்கி, ஒரே சமையல்கட்டு வைத்துக் குடியேறலாமா? இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டச் சொல்கிறான் மகன்.
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: இடிக்க வேண்டாம் சார். ஆனால் கிட்டங்கிக்குள் தடுப்பு வைத்து எட்டு வீடு பிரிக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கிட்டங்கி பஞ்சுக்காகக் கட்டியது, மனுஷனுக்காக இல்லை. ஜன்னல் குறைவு, இருப்பதும் தலைக்கு மேலே. வெளிச்சுவரை ஒட்டிய நாலு வீட்டுக்குக் காற்று வரும், நடுவில் மாட்டிக்கொண்டவர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டும்.

நடுவில் ரெண்டு மூணு தூண் இடைவெளி அளவுக்குக் கூரையை எடுத்துவிட்டு வானம் பார்த்த முற்றம் ஆக்குங்கள். சுற்றிலும் வராந்தா, வராந்தாவைப் பார்த்த மாதிரி அறைகள். இது என்ன புதுசா? சிம்மக்கல் பக்கமும் தெற்குவாசல் பக்கமும் வளவு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுதானே வாழ்க்கை: ஒரே வாசல், ஒரே குழாயடி, ஏழெட்டுக் குடித்தனம், ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டு அடுப்பில் சூடாகும். வளவில் ஒரே குறை, கக்கூஸ் கடைசியில் இருக்கும். எழுபது வயசில் ராத்திரி மூணு தடவை எழுந்து முற்றம் தாண்டிப் போகிற வேலை ஆகாது. அதனால் ஒவ்வொரு அறைக்குள்ளும் கழிவறை, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் (உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் திறப்பீர்கள்?), வழுக்காத தரை, சுவரில் பிடி. பணத்தை இங்கே கொட்டுங்கள்.

அப்புறம் அந்த லோடு மேடை. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்ற வாகாகக் கிட்டங்கித் தரையை மூணு அடி உயர்த்தியிருப்பார்கள். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, அதாவது மூணு அடி ஏற 36 அடி நீளம் ஓட வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. கொத்தனார் "பத்தடியில் முடிச்சுத் தர்றேன்" என்பார். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது நிற்காது.

சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் ஓதம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, நாளடைவில் செங்கலே உதிரும். சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

காகிதத்தில் முதல் வேலை, நிலம் தொழிற்சாலை வகையில் இருந்தால் அதைக் குடியிருப்பாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறையில் விண்ணப்பிப்பது. ரெண்டாவதுதான் சிக்கல். ஆளுக்கொரு வீடு என்று பத்திரம் போட்டால், ஒருவர் காலமானதும் அந்த அறை அவர் வாரிசுக்குப் போகும். முப்பது வயசுப் பேரன் பைக்கோடு வந்து இறங்குவான். 1975-ம் வருஷ சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கமாகப் பதிந்து, சொத்து சங்கத்தின் பேரில், குடியிருக்கிற உரிமை மட்டும் உங்களுக்கு, கட்டிய டெபாசிட் பிற்பாடு வாரிசுக்குத் திரும்பும் என்று எழுதிக்கொள்வது நல்லது. வக்கீலிடம் எட்டுக் குடும்பமும் சேர்ந்து போய் உட்காருங்கள், உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு.

கேள்வி: பழைய மில்லில் ரம்பப் பல் மாதிரி கூரை, வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சத்துக்கு அதை அப்படியே விடலாமா?
- ஒரு வாசகி, பசுமலை

பதில்: விடலாம், ஆனால் அது இங்கிலாந்துக்காரன் கணக்கு. அங்கே மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கே, வடக்குக் கண்ணாடியில் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வரும். நம்ம மதுரையில் சித்திரை பிறக்கும்போது உச்சந்தலைக்கு மேல் வருகிற சூரியன், அப்புறம் ஆவணி முதல் பாதி வரை மத்தியானத்தில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பாட்டியை உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு வந்த பிறகு மறைக்கிற கதைதான்.

கேள்வி: கூரை ஆஸ்பெஸ்டாஸ். "எங்களுக்கே எழுபதாச்சு, இனி என்ன வந்துவிடப் போகிறது" என்கிறார் என் வீட்டுக்காரர்.
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம். ஷீட் உடைந்தால் பறக்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருகிற நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் ஆகும். ஆனால் ஷீட்டை இறக்கப் போகிற பையனுக்கு வயசு இருபத்திரண்டு. சுத்தியலால் உடைக்கக் கூடாது, ட்ரில் போடக் கூடாது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள், நல்ல முகமூடியும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?
- ஒரு வாசகர், திருநகர்

பதில்: நிறைய. வியன்னாவில் 1890களில் எழுந்த 4 ராட்சத எரிவாயுக் கிடங்குகள் 2001-ல் வீடுகளாயின. வட்டமான செங்கல் சுவரை அப்படியே விட்டு உள்ளே 600 வீடு. கோபன்ஹேகனில் ரெண்டு பழைய சைலோக்கள், அதாவது உயரமான உருளைக் கிடங்குகள். சுவரில் நிறைய ஓட்டை போட்டால் பலம் போய்விடும் என்று வீடுகளை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டார்கள். ரெண்டுமே எல்லா வயசுக்காரர்களுக்குமான வீடுகள். எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் சால்டேர். டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி 1853-ல் மில்லைத் திறந்தார், 1868-ல் அதே ஊரில் முதியவர்களுக்கென்று 45 சின்ன வீடுகள் கட்டிவிட்டார். மில்லுக்குள் இல்லை, பக்கத்தில். நம் ஊரில் ஹார்வி மில் வந்தது 1892-ல், தொழிலாளர்களுக்கு ஹார்விப்பட்டியும் எழுந்தது. அதனால்தான் சொல்கிறேன், மில்லோடு பழைய லைன் வீடுகளும் மிச்சம் இருந்தால் தூங்க அவற்றை எடுத்துக்கொண்டு, பெரிய கொட்டகையைச் சமையலுக்கும் பந்திக்கும் சீட்டாட்டத்துக்கும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கூரையில் ஷிப்டுக்கு ஊதுகிற பழைய சங்கு இருக்கிறது. அவசரத்துக்கு அதை ஊதலாம் என்கிறார்கள் நண்பர்கள்.
- அதே திருமங்கலம் வாசகர்

பதில்: ராத்திரி ரெண்டு மணிக்கு சங்கு ஊதினால் ஊரில் பாதிப்பேர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்! ஒவ்வொரு கழிவறையிலும் மணி வைத்து, அதன் கயிறு தரையைத் தொடும்படி தொங்கட்டும். விழுந்தவர் கை எட்டுவது அங்கேதான். கயிறு வழியை மறிக்கிறது என்று யாராவது சுருட்டி ஆணியில் மாட்டிவைப்பார்கள், வாரம் ஒருமுறை போய் அவிழ்த்துவிடுங்கள்.