25 கோடிக்கு ஒற்றை எஞ்சின் விமானம்: வாங்கலாமா?

கேள்வி: வள்ளியூர் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். முப்பந்தல், கயத்தாறு தவிர கர்நாடகாவில் கதக், ஆந்திராவில் அனந்தப்பூர், குஜராத்தில் கட்ச் பகுதியிலும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆண்டு லாபம் சுமார் 6 கோடி. 15 வருடம் ஓடிய பிலாட்டஸ் பிசி-12 டர்போப்ராப் (முன்னால் காற்றாடி சுழலும்) விமானம் ஒன்று, வரி நீங்கலாக 25 கோடிக்கு வருகிறது. கையில் 10 கோடி இருக்கிறது, மீதிக்குக் கடன். 40 சதவீதம் தேய்மானம் கிடைக்கும், வரியிலேயே பாதி திரும்பிவிடும் என்கிறார் தரகர். ஒற்றை எஞ்சின் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வீட்டில் இருப்பவர்களின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம் அண்ணாச்சி, இருப்பதிலேயே சின்ன விஷயம் அதுதான். பிசி-12-இல் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 வகை எஞ்சின். 1960-களிலிருந்து ஓடுகிறது, 50,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். இரட்டை எஞ்சின் கிங் ஏர் விமானத்திலும் இதே வகைதான், இரண்டு இருக்கும். எரிபொருள், பராமரிப்புச் செலவும் அதற்கேற்ப ஏறும். எனக்கு எஞ்சினைவிட விமானி மேல்தான் கவலை. ஒருவரே ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம் என்றாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் இரண்டு விமானிகளை வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி பணம். சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 25 கோடிக்கு அது 10 கோடி. அதாவது கையில் இருக்கிற பணம் முழுக்க வரிக்கே போய்விடும், விமானம் மொத்தமும் கடனில் வரும். நிறுவனத்தின் பெயரில் வாங்கினாலும் உங்கள் வேலைக்கு மட்டும் ஓட்டினால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்காது. வாடகை விமானம் என்று உரிமம் எடுத்தால் வரி 5 சதவீதம்தானே என்று யாராவது காதில் ஓதுவார்கள். அப்படி இறக்குமதி செய்துவிட்டுச் சொந்தமாக ஓட்டியவர்களிடம் சுங்கத்துறை வரியும் அபராதமும் கேட்டு வழக்குகள் நடந்திருக்கின்றன. உண்மையிலேயே வாடகைக்கு விடும் எண்ணம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தரகர் சொன்ன 40 சதவீதத் தேய்மானம், அதாவது சொத்தின் மதிப்பில் ஒரு பங்கை லாபத்திலிருந்து கழித்துவிட்டு வரி கட்டுவது, பொய் இல்லை. ஆனால் அவர் சொன்ன விதம் சரியில்லை. ஜிஎஸ்டியும் சேர்ந்த 35 கோடியில் முதல் வருடத் தேய்மானம் 14 கோடி. உங்கள் லாபமோ 6 கோடி. மீதி அடுத்த வருடங்களுக்குத் தள்ளிப்போகும். கழிவு என்றால் பணம் திரும்புவது இல்லை, சுமார் 25 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு 100 ரூபாய் கழிவில் 25 ரூபாய்தான் மிச்சம். சொந்தப் பயணத்துக்குப் பறந்த பங்குக்கு அதுவும் கிடையாது. ஏற்றுமதியாளர் ஒருவர் இப்படித்தான் வரிக்காகவே ஒரு சொத்தை வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். விஷயம் விமானம் இல்லை, ஆனால் கதை இதேதான்.

வருடச் செலவை உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். கடனோடு, உங்கள் 10 கோடி வேறு இடத்தில் ஈட்டியிருக்கும் வட்டியையும் சேர்த்து, 35 கோடிக்கு 8 சதவீத வட்டி 2 கோடியே 80 லட்சம். இரண்டு விமானிகளுக்கு 80 லட்சம், காப்பீடு, நிறுத்துமிடம், ஆண்டுப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 75 லட்சம். விமானம் தரையை விட்டு எழும்பாமலே 4 கோடியே 35 லட்சம். பறந்தால் மணிக்கு 230 முதல் 250 லிட்டர் எரிபொருள், அது சுமார் 25,000 ரூபாய். எஞ்சின் ஓவர்ஹாலுக்கு (முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்கு) மணிக்கு 12,000 ஒதுக்க வேண்டும். வருடம் 150 மணி நேரம் பறந்தால் மணிக்கு மூன்றே கால் லட்சம் ஆகிறது, 400 மணி பறந்தால் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வருகிறது. விற்கும்போது குறையும் விலையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

சரி, வாடகைக்கு எடுத்தால்? மணிக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தாலும், சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, காலியாக வந்து காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் இருப்பவருக்குச் சென்னைக்காரரைவிடச் சொந்த விமானம் கொஞ்சம் நியாயமாகத் தெரிவது இதனால்தான். அதே சமயம், உங்கள் விமானமும் ஆட்களை ஹூப்ளியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நாட்கள் வரும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், என் கணக்கில் வருடம் 250 மணிக்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம்.

அந்த 250 மணி எந்த ஊர்களுக்கு என்பது இன்னும் முக்கியம். சென்னை, பெங்களூருக்கு வாகைக்குளத்திலிருந்தே ஏடிஆர் பயணிகள் விமானம் ஓடுகிறது. 2023 முதல் நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் போகிறது. இந்தப் பயணங்களைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். கதக், அனந்தப்பூர் பயணங்களை மட்டும் எண்ணுங்கள். கதக்குக்குப் பக்கம் ஹூப்ளி, வானில் சுமார் 800 கிலோமீட்டர். நான்கு டெக்னீஷியன்களும் கருவிகளும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம், பெரிய சரக்குக் கதவு இருப்பதால் கன்ட்ரோல் பேனல்களையும் ஏற்றலாம். கியர்பாக்ஸ் மட்டும் லாரியில்தான் போகும், அதில் மாற்றம் இல்லை. கட்சுக்குப் பூஜ் வரை நாலு மணி நேரம் ஆகும், அதற்கு நான் பெரிதாக மதிப்பெண் தரமாட்டேன். ஒரு டர்பைன் ஒரு நாள் நின்றால் ஒப்பந்தப்படி நீங்கள் கட்டும் அபராதம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். வாங்குவதை நியாயப்படுத்தக்கூடிய ஒரே தொகை அதுதான்.

நீங்கள் எழுதி நான் பதில் சொல்லும்வரை விலைப்பேச்சு காத்திருக்காது என்றால் இதையாவது செய்யுங்கள். தரகருக்குச் சம்பந்தமில்லாத பொறியாளரை வைத்து ஆய்வு செய்யுங்கள். லாக்புக்கில் ஓவர்ஹாலுக்கு மீதமுள்ள மணிகளைப் பார்த்து, குறைவாக இருந்தால் விலையில் பிடித்தம் கேளுங்கள். கடற்கரை ஊரில் நின்ற விமானமா என்றும் கேளுங்கள். உப்புக்காற்றில் துரு பிடிக்கும், கம்ப்ரஸரை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும், வாகைக்குளத்தில் உங்களுக்கும் அதே வேலை காத்திருக்கிறது. முன்பணத்தை எஸ்க்ரோ கணக்கில் (பேரம் முடியும்வரை மூன்றாவது ஆள் பொறுப்பில் இருக்கும் கணக்கு) மட்டும் போடுங்கள், ஆய்வில் தேறாவிட்டால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகு.