ஜப்பானில் பத்து நாள் பனிச்சறுக்கு: மூன்று ஊர்களுக்கு எப்படிப் போய்வருவது?

கேள்வி: பிப்ரவரி தொடக்கத்தில் நண்பர்கள் நான்கு பேர் சென்னையிலிருந்து பத்து நாள் பயணமாக ஜப்பான் செல்கிறோம். ஹக்குபா, நொஸாவா ஒன்சென், நிசெகோ மூன்றிலும் சறுக்க ஆசை. ஒருவரிடம் சொந்த ஸ்கீ, இன்னொருவரிடம் சொந்த ஸ்னோபோர்டு இருக்கிறது. ரயில் பாஸ் வாங்குவதா, கார் எடுப்பதா, இவ்வளவு சாமான்களை என்ன செய்வது?

பதில்:

முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து நிசெகோவை எடுத்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

நான் டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் வேலை பார்க்கிறேன். குளிர்காலம் வந்தால் ஊரிலிருந்து யாராவது இதே மூன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வரைபடத்தில் எல்லாம் அருகருகே இருப்பதுபோலத்தான் தோன்றும். ஹக்குபாவும் நொஸாவாவும் நாகானோ மாநிலத்தில் இருக்கின்றன. நிசெகோ ஹொக்கைடோ தீவில் இருக்கிறது. ஹக்குபாவிலிருந்து நிசெகோ போக வேண்டுமானால் பேருந்தில் நாகானோ, அங்கிருந்து புல்லட் ரயிலில் டோக்கியோ, அங்கிருந்து ஹனேதா விமான நிலையம், ஒன்றரை மணி நேர விமானத்தில் நியூ சிட்டோஸே, பிறகு இரண்டரை மூன்று மணி நேரம் மீண்டும் பேருந்து. காலையில் புறப்பட்டால் இரவில் போய்ச் சேரலாம், வானம் ஒத்துழைத்தால். நியூ சிட்டோஸேயில் பனி கொட்டினால் விமானங்கள் கொத்தாக ரத்தாகும். புல்லட் ரயிலிலேயே போய்விடலாமே என்றால், அது இன்னும் சப்போரோவை எட்டவில்லை. ஹகோதாதே பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. மீதிப் பாதையின் திறப்பு 2030-லிருந்து 2038 வாக்கில் என்று தள்ளிப்போய்விட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சர்வதேச விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ, சில டிக்கெட்டுகளில் இரண்டு பெட்டிகள் என்று தாராளமாக இருப்பார்கள். ஹொக்கைடோவுக்கான உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாக வாங்கினால், பெரிய நிறுவனங்களில்கூடச் சாதாரண வகுப்புக்கு இலவச எடை 20 கிலோதான். ஸ்கீ பையும் பூட்ஸும் சேர்ந்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். ஹொக்கைடோவை இன்னொரு வருடத்துக்குத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஊர் வேண்டும் என்று மனம் கேட்டால் மியோகோ இருக்கிறது. பனிக்கும் குறைவில்லை, நீங்கள் போகிற அதே ரயில் பாதையை ஒட்டியே இருக்கிறது.

அந்தப் பாதைதான் ஹொகுரிகு ஷிங்கான்சென். 1998 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 1997-இல் நாகானோ வரை திறந்தார்கள். 2015-இல் கனசாவா வரை நீட்டியபோதுதான் ஈயாமா, ஜோஎட்சு-மியோகோ நிலையங்களில் புல்லட் ரயில் நிற்கத் தொடங்கியது. சறுக்க வருபவர்களுக்கு இந்த நீட்டிப்பு பெரிய வரம். டோக்கியோவிலிருந்து நாகானோ சுமார் ஒன்றரை மணி நேரம். நாகானோவிலிருந்து ஈயாமா பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது. ஈயாமா நிலைய வாசலிலிருந்து நொஸாவாவுக்குப் பேருந்தில் இருபத்தைந்து நிமிடம்.

டிக்கெட் எடுக்கும்போது ரயிலின் பெயரைப் பாருங்கள். ககாயாக்கி வேகமானது, ஆனால் ஈயாமாவில் நிற்காது. நொஸாவாவுக்கு ஹகுதாக்காதான். அது ஏறத்தாழ மணிக்கு ஒன்று வீதம் ஓடுவதால், பேருந்து நேரத்தை ரயில் நேரத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே இருக்கையை உறுதி செய்யுங்கள். ஹக்குபாவுக்குப் புல்லட் ரயில் கிடையாது. நாகானோ நிலையத்தின் கிழக்கு வாசலிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து காலையில் அசுஸா என்ற விரைவு ரயில் ஒன்று நேரே ஹக்குபா வரை போகிறது. நான்கு மணி நேரம் எடுத்தாலும் எங்கும் மாற வேண்டியதில்லை. முதல் இரவை டோக்கியோவில் கழிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சாளரத்துக்கு வெளியே மலைகள் மெல்ல மெல்ல உயர்ந்து வருவதைப் பார்த்தபடி போகலாம்.

உங்களுக்கு நான் போட்டுத் தரும் வரிசை இது: வந்து இறங்கியதும் ஹக்குபா, அங்கே நான்கு இரவுகள்; பிறகு நொஸாவாவில் மூன்று; கடைசி இரவு கட்டாயம் டோக்கியோவில். மியோகோ வேண்டுமானால் ஹக்குபாவில் ஓர் இரவைக் குறைத்து நடுவே செருகலாம். நாகானோவிலிருந்து மியோகோ-கோகென் நிலையத்துக்குச் சாதாரண உள்ளூர் ரயிலிலேயே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு இடமாற்றமும் சறுக்கும் நேரத்தில் அரை நாளை விழுங்கும். அறையைக் காலி செய்வது காலையில், அடுத்த அறை கிடைப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. இடைப்பட்ட நேரம் பேருந்துக்கும் ரயிலுக்கும் சரியாகப் போய்விடும். பத்து நாளுக்கு இரண்டு ஊர்கள் என்பதே என் கணக்கு. ஹக்குபா பள்ளத்தாக்கிலேயே ஹப்போ-ஒனே, கோரியு, இவாதாக்கே, ட்சுகாயிக்கே, கோர்டினா என்று சரிவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கிடையே பேருந்துகளும் ஓடுகின்றன. ஊர் மாறாமலே தினம் ஒரு மலை.

இனிப் பலகைகள், அதாவது உங்கள் ஸ்கீயும் ஸ்னோபோர்டும். மனிதர்கள் நால்வரும் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். திட்டத்தைப் பலகைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜப்பானில் வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி சாமான் கொண்டு சேர்க்கும் கூரியர் சேவை ஒன்று இருக்கிறது, தக்யூபின் என்பார்கள். யமாட்டோ நிறுவனம் ஸ்கீ, ஸ்னோபோர்டுக்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே கவுண்டர் இருக்கும். அங்கே பையைக் கொடுத்துவிட்டு, விடுதியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் காட்டினால் போதும். கைவீசிக்கொண்டு ரயில் ஏறலாம். நிரப்ப வேண்டிய சீட்டில் சறுக்கும் நாள் எது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அதற்கு முந்தைய நாளே பொருள் விடுதிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நொஸாவாவில் நான் தங்கும் விடுதியின் பாட்டியம்மா அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சீட்டை வாங்கவே மாட்டார். பையைத் தரையில் கிடத்தி, அளவுநாடாவை நீட்டி நீளம் பார்த்து, பிளாஸ்டிக் உறையை மாட்டி, வாயை இரண்டு சுற்று ஒட்டுநாடாவால் கட்டி, பிறகு பேனாவை என் கையில் கொடுத்து அந்தக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டுவார்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம்: விமான நிலையத்தில் கொடுத்த பை அன்றே ஹக்குபாவுக்கு வராது. அடுத்த நாள்தான் வரும்; பெரும்பனி நாளில் அதற்கும் மேலே தள்ளும். ஆகவே வந்திறங்கிய மறுநாள் காலையே மலையேறத் துடிப்பவர்கள் பலகையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது முதல் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். எப்படியானாலும் பூட்ஸ், கையுறை, கண்ணாடி, ஒரு நாளைக்கான குளிருடை ஆகியவற்றைத் தனிப் பையில் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அனுப்பும் பையில் வைக்கக் கூடாது என்பது விதி.

ஹக்குபாவிலிருந்து நொஸாவாவுக்குப் போகும்போது மட்டும் கூரியர் வேண்டாம் என்பேன். அனுப்பினால் பலகைக்கு ஒரு நாள் கட்டாய விடுமுறை. நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் வரை காத்திருப்பீர்கள். பேருந்துகளுக்கு அடியில் சாமான் அறை இருக்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து பைகளை ஒரே திசையில் அடுக்கி வைப்பார். நாகானோ நிலையத்தில் லிஃப்ட் உண்டு. புல்லட் ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் நீளப் பைகளை நிறுத்த இடம் இருக்கும். முன்பதிவின்போதே கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிவிட்டால் அந்த இடத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நொஸாவாவில் இறங்கியதும் விடுதிக்குத் தொலைபேசி செய்யுங்கள். பல விடுதிகள் பேருந்து நிறுத்தத்துக்கே வண்டி அனுப்பும். பனி மூடிய அந்தச் செங்குத்தான சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உதவியின் அருமை தெரியும்.

சொந்தப் பலகை இல்லாத இருவரும் கவலையே பட வேண்டாம். இரண்டு ஊர்களிலும் வாடகைக் கடைகள் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. சொந்தப் பலகை வைத்திருப்பவர்களிடமும் ஒரு கேள்வி: அது இந்த ஆழப் பனிக்கு ஏற்ற அகலமான பலகைதானா? இல்லையென்றால் பூட்ஸை மட்டும் கொண்டு வந்து பலகையை இங்கேயே எடுக்கலாம். காலுக்குப் பழகிய பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்காது; பலகை கிடைக்கும். அப்படிச் செய்தால் மேலே சொன்ன சாமான் கதையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

ரயில் பாஸ் வேண்டாம். நாடு முழுவதுக்குமான ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து நாகானோ போய்வர முன்பதிவு இருக்கையோடு சுமார் 17,000 யென்தான் ஆகும். ஈயாமாவுக்கான கூடுதலைச் சேர்த்தாலும் பாஸ் விலையில் பாதியைத் தாண்டாது. ஹக்குபா பேருந்திலும் நொஸாவா பேருந்திலும் அந்தப் பாஸ் செல்லாது என்பது வேறு. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பாஸ் வாங்கியே தீர வேண்டும் என்று வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தனித்தனி டிக்கெட்டே லாபம்.

புல்லட் ரயில் முன்பதிவு சரியாக ஒரு மாதத்துக்கு முன் ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும். நமக்கு அது காலை ஆறரை. சாதாரண நாளில் இவ்வளவு அவசரம் தேவையில்லை. ஆனால் பிப்ரவரி 11 இங்கே தேசிய விடுமுறை. சந்திரப் புத்தாண்டும் சில வருடங்களில் அதை ஒட்டி வரும். அந்த வாரத்தில் பயண நாள் விழுந்தால் ரயிலைவிடப் பேருந்து இருக்கைதான் முதலில் தீரும். முன்பதிவு உள்ள பேருந்தை அறை எடுக்கும்போதே கையோடு பதிவு செய்துவிடுங்கள்.

கார் விஷயம். சட்டப்படி தடையில்லை. இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி அமைந்தது. ஜப்பான் ஏற்பதும் அதைத்தான். சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம். நால்வர் பங்கிட்டால் செலவும் கட்டுப்படியாகும். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். பனிச்சாலையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி என்ன செய்யும் என்பதைச் சென்னை சாலைகளில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் கற்றிருக்க முடியாது. அதற்குப் பனியில்தான் பழக வேண்டும். விடுமுறைக்கு வந்த இடம் அதற்கு ஏற்றதல்ல. உங்கள் நால்வரில் கனடாவிலோ நார்வேயிலோ குளிர்காலத்தில் ஓட்டிப் பழகியவர் இருந்தால் கதை வேறு. அப்போதும் டோக்கியோவில் வண்டி எடுக்காதீர்கள், நாகானோவில் எடுங்கள். டோக்கியோவில் குளிர்கால டயரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கடையில் எனக்குச் சாதாரண டயர் போட்ட வண்டியை நீட்டிவிட்டு, மலைக்கா போகிறீர்கள் என்று வியந்தார்கள்; கூரையில் ஸ்கீ மாட்டும் சட்டத்தையும் அவர்களே பொருத்தியிருந்தார்கள்! நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியாகக் கேளுங்கள். இரவில் நிறுத்தும்போது வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி விடுங்கள், கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். இரண்டும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நொஸாவாவுக்குக் கார் சுமைதான். விடுதி ஓரிடம், வண்டி நிறுத்துமிடம் வேறிடம் என்று அலைய நேரும்; ஊருக்குள் எங்கும் நடந்தே போய்விடலாம். காருக்கு உண்மையான பயன் ஹொக்கைடோவில்தான். அங்கே சறுக்குத் தளங்கள் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கின்றன, ரயில் பாதைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஃபுரானோவிலிருந்து ஷிந்தோகு வரையிலான பகுதியை 2024 மார்ச்சோடு மூடிவிட்டார்கள்.

திரும்பும் பயணத்துக்குப் பலகைகளை நொஸாவா விடுதியிலிருந்தே விமான நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். விமானத்துக்கு முந்தைய நாளே அவை கவுண்டருக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். அதற்காகக் கடைசி நாள் சறுக்கலை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் வாடகைப் பலகை எடுத்துக்கொள்ளலாம். சீட்டில் விமான எண்ணையும் முனையத்தையும் எழுத வேண்டும். நரீதாவிலும் ஹனேதாவிலும் முனையங்கள் பல என்பதால் டிக்கெட்டைப் பார்த்து எழுதுங்கள். விமானம் அதிகாலையிலோ நள்ளிரவுக்குப் பிறகோ புறப்படுவதாக இருந்தால், அந்த நேரத்தில் கவுண்டர் திறந்திருக்குமா என்பதை அனுப்பும்போதே விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூடியிருக்கும் என்றால் பையை டோக்கியோ ஹோட்டலுக்கு அனுப்பி, கடைசி இரவில் அங்கே பெற்றுக்கொள்வதே சரி.