வரிச்சலுகை ஓய்வூதியக் கணக்கு: மிச்சமாகும் 930 ராண்ட் எங்கே போகிறது?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 42. வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்கிறார். செலவு போக, வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 420,000 ராண்ட். மாதம் 3,000 எடுத்துவைக்க முடியும். "பிப்ரவரி முடிவதற்குள் ரிட்டயர்மென்ட் அன்யூட்டி போட்டுவிடுங்கள் என்று ஏஜென்ட் ஒருவர் நிற்கிறார். கொழுந்தனாரோ, 'இன்றைக்கு விட்ட வரியை நாளைக்கு வாங்கிவிடுவான், எல்லாம் ஒன்றுதான், பணமும் மாட்டிக்கொள்ளும்' என்கிறார். யார் சொல்வது சரி?"

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கீழே வரும் எண்கள் 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரி ஆண்டுக்கானவை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இவை மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

ரிட்டயர்மென்ட் அன்யூட்டி, சுருக்கமாக ஆர்.ஏ., ஓய்வுக்காலத்துக்கென்று நாமே சேர்க்கும் கணக்கு. அதில் போடும் பணம் உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். வருமானத்தில் 27.5% வரை, அதிகபட்சம் 350,000 ராண்ட். உங்களுக்கு அந்த எல்லை 115,500. நீங்கள் போடப்போவது 36,000தான், தாராளமாக உள்ளே அடங்கும். உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 31% வரி. ஆகவே 36,000 போட்டால் வரியில் 11,160 குறைகிறது. உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது 24,840.

அதே 24,840ஐ வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் போடும்போது வரிக்கழிவு கிடையாது, எடுக்கும்போது வரியும் கிடையாது. இரண்டு பணமும் நான்கு மடங்காகின்றன என்று கொள்வோம். ஆர்.ஏ.வில் 144,000 இருக்கும், மற்றதில் 99,360. ஆர்.ஏ. பணத்துக்கு அன்றைக்கும் 31% வரி கட்டினால் மிஞ்சுவது அதே 99,360. ஒரு ராண்ட்கூட வித்தியாசமில்லை. கொழுந்தனாரின் பாதி இதுதான்: விகிதம் மாறாவிட்டால் இரண்டும் ஒன்று.

ஆனால் வயதான பிறகு விகிதம் அப்படியே இருப்பதில்லை. அன்றைக்கு 18% என்றால் உங்களுக்கு 118,080 நிற்கும், வரியே வராவிட்டால் முழு 144,000. உங்கள் விஷயத்தில் வரியே வராமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு 4% வளர்ந்து, விலைவாசியோடு தவணையையும் ஏற்றிக்கொண்டே போனால், 65 வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 1,318,000 ராண்ட் சேரும். அதில் மூன்றில் ஒரு பங்கை, ஏறக்குறைய 439,000ஐ, ஓய்வின்போது ரொக்கமாக எடுக்கலாம். ஓய்வுத் தொகையில் முதல் 550,000 ராண்டுக்கு வரி இல்லை. மீதிப் பணத்தில் மாத வருமானம் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 5% எடுத்தால் சுமார் 44,000. 65 தாண்டியவருக்கு ஆண்டு வருமானம் 148,217 வரை வருமான வரி கிடையாது. வாடகை, வேறு பென்ஷன் என்று பெரிதாக ஏதும் வராதவரை, இன்று 31% கழித்துக்கொண்ட பணத்துக்கு அன்று வரியே கட்டாமல் போகலாம்.

அப்படியானால் உடனே போட்டுவிடலாமா? பொறுங்கள். இவ்வளவு லாபமும் அந்த 11,160 எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. சம்பளக்காரருக்கு அது ரீஃபண்டாக வந்து கண்ணில் படும். நீங்கள் ப்ரொவிஷனல் வரி, அதாவது வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே வரி கட்டுபவர். உங்களுக்கு ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டும் தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குறைந்தது கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் டின்னிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். அப்படிக் கரைந்தால், 36,000ஐ நேராக வரியில்லாக் கணக்கில் போட்டவர் உங்களை முந்திவிடுவார்: அவர் கையில் வரியற்ற 144,000 இருக்கும், உங்களிடம் வரிக்கு உட்பட்ட 144,000. எனவே ஆர்.ஏ. தொடங்கும் அன்றைக்கே, மாதம் 930 ராண்டுக்கு வரியில்லாக் கணக்குக்கு, வங்கியிலிருந்து தானாகவே போகும்படி, ஒரு டெபிட் ஆர்டர் போட்டுவிடுங்கள். 930ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் அதே 11,160. இதை நீங்கள் செய்வதாக இருந்தால் ஆர்.ஏ. போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

பணம் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு வருவோம். 2024 செப்டம்பர் 1 முதல் 'இரண்டு பானை' முறை வந்துவிட்டது. நீங்கள் போடும் 3,000இல் 1,000 சேமிப்புப் பானைக்கும் 2,000 ஓய்வுப் பானைக்கும் போகும். சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஓய்வுப் பானையைப் பொதுவாக 55 வயதுக்கு முன் தொட முடியாது. ஆனால் சேமிப்புப் பானையில் இடையில் கைவைத்தால் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்து வரி விழும், உங்களுக்கு 31%. ஓய்வுவரை விட்டுவைத்தால் வரியே இல்லாமல் வரக்கூடிய அதே பணம்! ஃப்ரீசர் பழுதாகிறது, புரட்டாசியில் பிரியாணி ஆர்டர் படுத்துவிடுகிறது என்றால் அந்தப் பானையை நோக்கிக் கை போகக் கூடாது. மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலில் சாதாரண வங்கிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 23,800 ராண்ட் வரை வட்டிக்கு எப்படியும் வரி இல்லை. கார்டு கடன் இருந்தால் அதற்கும் முன்னால் அதை அடைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். பிப்ரவரிக்குள் பணம் உள்ளே போனால்தான் இந்த ஆண்டுக்கழிவு என்பது உண்மை. அதற்காக இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஃபீனிக்ஸில் பட்டறை வைத்திருந்த என் மாமா தொண்ணூறுகளில் அப்படி ஒரு பாலிசி எடுத்தார். தொழில் படுத்தபோது தவணையை நிறுத்தினார். அடுத்து வந்த ஸ்டேட்மென்ட்டில் அபராதம் கழித்து எழுதியிருந்தார்கள். மடிப்பில் கிழிந்துபோன அந்தத் தாளை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் விரித்து, அபராதம் எழுதிய இடத்தை மட்டும் கட்டைவிரலால் காட்டுவார். இன்றைக்கு ஒப்பந்தக் காலமே இல்லாத, யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதி) வகை ஆர்.ஏ.க்கள் இருக்கின்றன. வேண்டும்போது நிறுத்தலாம், ஏற்றலாம், மொத்தமாகவும் போடலாம். உங்களைப் போல் சீசனுக்குச் சீசன் வருமானம் மாறுபவர்களுக்கு இதுதான் ஒத்துவரும்.

கட்டணத்தையும் விடாதீர்கள். விலைப்பட்டியலில் 'இ.ஏ.சி.' என்று ஒரு அட்டவணை இருக்கும், ஆண்டுக்கு எல்லாக் கழிவும் சேர்த்து எத்தனை சதவீதம் என்று சொல்லும். மேலே சொன்ன 4% வளர்ச்சியில் கூடுதலாக 2% கட்டணத்துக்குப் போனால், 1,318,000 சுமார் 1,038,000 ஆகிவிடும். 280,000 ராண்ட் போய்விட்டது. வரியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கட்டணமே தின்றுவிடும்.

உங்கள் பதிலை எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குச் சமையலில் உதவும் பெண்ணின் ஆண்டு வருமானம் 95,750க்குள் என்றால் அவருக்கு வருமான வரியே இல்லை, கழிக்க ஒன்றும் இல்லை. 237,100 வரை 18%தான், வரியில்லாக் கணக்கே முதலில் நல்லது. அதில் அந்த வரி ஆண்டுக்கு 36,000, வாழ்நாளில் 500,000 என்பது எல்லை. மீறினால் மீறிய தொகைக்கு 40% அபராதம். ஜோஹானஸ்பர்க்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க வரிக்குடியிருப்பை விட்டு வெளியேறினால், ஆர்.ஏ. பணத்தை முன்கூட்டியே எடுக்க, வெளியேறி மூன்று ஆண்டு தொடர்ந்து ஆகியிருக்க வேண்டும் என்பது 2021 மார்ச் முதல் உள்ள விதி.

ஏஜென்ட் மறுபடி வரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: இ.ஏ.சி. எத்தனை சதவீதம், அடுத்த மாதமே தவணையை நிறுத்தினால் எவ்வளவு கழிப்பீர்கள்? இரண்டுக்கும் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இன்னொரு நிறுவனத்தின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரி முடிய இரண்டு வாரம் இருந்தாலும் அதற்கு நேரம் போதும்.