பழைய வெந்நீர் சிலிண்டருக்குப் புது ஜாக்கெட் போதுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் 1970களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். மாடியில் ஓர் அலமாரிக்குள் செம்பு வெந்நீர் சிலிண்டர் நிற்கிறது. சூடு வெளியேறாமல் அதைச் சுற்றிப் போர்த்தும் பஞ்சு உறையான சிவப்பு ஜாக்கெட் கிழிந்து தொங்குகிறது. அலமாரியைத் திறந்தாலே வெக்கை. ஜாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா, சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: சிலிண்டர் ஒழுகவில்லை என்றால் ஜாக்கெட்டே போதும். டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். பச்சைக் கறையோ ஈரமோ தெரிந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஒழுகும் சிலிண்டரைப் போர்த்தி மூடினால் ஒழுகலும் சேர்ந்து மறைந்துவிடும்.

அந்த வெக்கை, நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய தண்ணீரிலிருந்து வருவதுதான். இந்த வீடுகளில் பரவலாக இருப்பது 900 மி.மீ. உயரம், 450 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர். உள்ளே தண்ணீர் 60 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால், வெறும் செம்பிலிருந்து தோராயமாக 400 வாட் வெப்பம் வெளியேறும். நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருந்தால் கிட்டத்தட்ட 10 யூனிட். 80 மி.மீ. தடிமனுள்ள ஜாக்கெட்டை ஒழுங்காகப் போட்டால் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்காலத்தில் அந்தச் சூடு வீட்டுக்குள்தானே போகிறது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஜூலை மாதத்தில் அந்தச் சூடு யாருக்கு வேண்டும்?

வாங்கும்போது உயரத்தையும் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். 80 மி.மீ.க்குக் குறைவானது வேண்டாம். பழைய ஜாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் அவசியம். சிலிண்டரின் மேல் மஞ்சளோ பச்சையோ நுரைப்பூச்சு இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம், அதற்கு மேலேயே ஜாக்கெட்டைப் போடலாம்.

போடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜாக்கெட் பல துண்டுகளாக வரும். அவற்றின் மேல்முனைகளை உச்சியில் குழாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, இடைவெளி தெரியாமல் ஓரங்களைச் சேர்த்து, பட்டையால் இடுப்பில் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டாதீர்கள். பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. நசுக்கினால் பாதிப் பயன் போச்சு.

இரண்டு இடங்களை மூடவே கூடாது. ஒன்று, சிலிண்டருக்குள் மூழ்கி நின்று மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கும் இம்மர்ஷன் ஹீட்டரின் மூடியும் அதிலிருந்து வரும் வயரும். 3 கிலோவாட் ஓடும் வயர் அது, பஞ்சுக்குள் புதைந்தால் சூடேறும். வேலை முடியும்வரை அதன் சுவிட்சை அணைத்தே வையுங்கள். இன்னொன்று, சிலிண்டரின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அதன் முதுகு செம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஜாக்கெட் துணி இடையில் புகுந்துவிட்டால் தண்ணீர் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. அந்த இரண்டு இடங்களிலும் துண்டுகளை விலக்கிவிட்டுக் கட்டுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 50க்கு இறக்கினால் தேங்கிய தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருக இடம் கொடுத்ததாகும்.

அப்புறம் குழாய்கள். இதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உச்சியிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாயின் முதல் ஒரு மீட்டருக்கும், பாய்லரிலிருந்து வரும் இரண்டு குழாய்களுக்கும் நுரை உறை மாட்டுங்கள். பெரும்பாலும் 22 மி.மீ. குழாயாக இருக்கும், அளந்து வாங்குங்கள். நீளவாக்கில் பிளந்தே வரும். மாட்டி, கேபிள் டை போட்டால் சரி. முழங்கை வளைவுகளில் உறையைச் சாய்வாக வெட்டிப் பொருத்துங்கள்.

ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். குழாயில் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ, பிளாஸ்டர் போலக் காய்ந்த பழைய உறை இருந்தால் அது, தூசு மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். இங்கே அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். உங்கள் வீடு அதற்கு மூத்தது. வெட்டவோ உரசவோ வேண்டாம், உரிய ஆளை வைத்துப் பரிசோதித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு சின்ன இழப்பு உண்டு. அலமாரி முன்போல வெதுவெதுப்பாக இருக்காது. அங்கே துணி உலர்த்துகிறவர்களும் இட்லி மாவைப் புளிக்க வைக்கிறவர்களும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். மாவுக்கு, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தாலே போதும்.