மலாலாவின் தன்வரலாற்றை ஒன்பதாம் வகுப்பில் நடத்தினால் பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்களும் ஆசிரியர் என்றும், 'இதெல்லாம் எதுக்கு' என்று யாரோ உங்களிடம் கேட்டுவிட்டார்கள் என்றும் நினைக்கிறேன்.

முதல் முறை நான் தாலிபான்கள் மலாலாவைச் சுட்டதிலிருந்து தொடங்கினேன். 2012 அக்டோபர் 9, பள்ளி வேன், தலையில் குண்டு. வகுப்பு அசையாமல் கேட்டது. முடித்ததும் ஒரு பையன், "அவங்க மதமே அப்படித்தானே சார்?" என்றான். மூன்றாவது பெஞ்சில் ஒரு முஸ்லிம் மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதோ சமாளித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்தக் குனிந்த தலை இன்னும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு மலாலாவின் அப்பாவிலிருந்து தொடங்கினேன். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் மிங்கோரா ஊரில் பள்ளி நடத்தியவர் ஜியாவுதீன். ஆண்களின் பெயர் மட்டுமே இருந்த குடும்ப வம்சாவளிப் படத்தில், தன் பெயரிலிருந்து கோடு இழுத்து மகளின் பெயரை எழுதியவர். அப்புறம் அங்கிருந்த தாலிபான் தலைவர் ஃபஸ்லுல்லாவின் எஃப்.எம். வானொலிப் பிரசங்கங்கள், 2009 ஜனவரி 15க்குப் பின் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாதென்ற தாலிபான் உத்தரவு. 11 வயதில் குல் மகாய் என்ற புனைபெயரில் பிபிசி உருதுவுக்கு அவள் எழுதிய நாட்குறிப்பு. பள்ளியில் சீருடை வேண்டாம் என்றதும் பிடித்த இளஞ்சிவப்பு உடையில் போனாளே, அந்த இடத்தில் என் மாணவிகள் ஆளாளுக்குத் தங்கள் உடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தாலிபானை எதிர்த்த அந்த அப்பாவும் மகளும் முஸ்லிம்கள்தான் என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

'மேற்கு நாடுகள் தூக்கிவிட்ட பெண்' என்று யாராவது வருவார்கள். புத்தகத்தைப் பத்திரிகையாளர் கிறிஸ்டினா லாம்புடன் சேர்ந்து எழுதினாள் என்பதை வகுப்பிலேயே சொல்கிறேன். ஆனால் நாட்குறிப்பு 2009இல், நோபல் 2014இல். எந்தப் பரிசும் இல்லாத காலத்தில் எழுதியவள் அவள்.

வம்சாவளி எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் ஊருக்குப் போன் போட்டு, தாத்தாவின் அக்காவிடம் கேட்டு எழுதி வந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி கேட்டால் "தொலைஞ்சா யார் பொறுப்பு?" என்பார்கள். கிழியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் சொந்தப் பிரதியைத்தான் வகுப்புக்குக் கொடுத்தேன். அட்டை போய்விட்டது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.